கேன்சசு பல்கலைக்கழக விளையாட்டு ஆளுமைகள்

கேன்சசு பல்கலைக்கழகம் ஐக்கிய அமெரிக்காவின் கேன்சசு மாநிலத்தில், லாரன்சு நகரில் உள்ள அரசுப் பல்கலைக்கழகம் ஆகும். கூடைப்பந்தாட்ட வரலாற்றில் இதற்குத் தனி இடம் உண்டு.

பயிற்சியாளர்கள்

1891 ஆம் ஆண்டில் மாசச்சூசெட்சு மாநிலத்தில் கூடைப்பந்தாட்டத்தை உருவாக்கிய ஜேம்சு நெய்சுமித், 1898 இல் இங்கு உடற்கல்வி ஆசிரியராகச் சேர்ந்து முதல் கூடைப்பந்துப் பயிற்சியாளரும் ஆனார். அவரது அணி 55 ஆட்டங்களில் வென்று 60 இல் தோற்றது. இங்கு ஆடவர் அணிப் பயிற்சியாளர்களுள் வெற்றிகளை விடத் தோல்விகள் மிகுந்தவர் அவர் ஒருவரே. ஆட்டத்தை அவர் உடற்பயிற்சியாகவும் ஒழுக்கப் பயிற்சியாகவுமே கருதினார்.

அவரிடம் ஆடிய ஃபாக் ஆலன் பயிற்சியளிப்பதைத் தனித் தொழிலாக வளர்த்தார். 39 பருவங்கள் பயிற்சியளித்த இவரது அணி 1952 இல் தேசியப் பட்டம் வென்றது. இவரிடம் ஆடிய அடால்ஃப் ரப் கென்டக்கியிலும், டீன் சுமித் வட கரோலினாவிலும் புகழ்பெற்ற பயிற்சியாளர்கள் ஆயினர். இவ்வாறு நெய்சுமித்தின் பங்களிப்பு வெற்றிக் கணக்கில் அன்றி, அவர்வழி வந்த பயிற்சியாளர் மரபில் காணப்படுகிறது.

விளையாட்டு வீரர்கள்

வில்ட் சேம்பர்லின்: 1957 தேசிய இறுதிப் போட்டியில் ஆடினார். மூன்று கூடுதல் நேரங்களுக்குப் பின் கேன்சசு 53–54 எனத் தோற்றது.
பில்லி மில்சு: லக்கோட்டா பழங்குடியைச் சேர்ந்த ஓட்ட வீரர். 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார்.
லினெட் உடார்டு: கல்லூரி ஆட்டங்களில் 3,649 புள்ளிகள் எடுத்தார். 1985 இல் ஆர்லெம் குளோப்டிராட்டர்சு அணியின் முதல் பெண் ஆட்டக்காரர் ஆனார்.