தண்ணீர் அள்ளும் பறக்கும் படகுகள்

கிண்ணியாவிலும் மூதூரிலும் இருந்து வாசிக்கும் சகோதர சகோதரிகளே, சீனக்குடாப் பக்கம் போகும்போது காட்டுக்குள் வரிசையாக நிற்கும் பழைய எண்ணெய்க் குதங்களைப் பார்த்திருப்பீர்கள். பிரித்தானியர் கட்டிய அவற்றுள் இன்று எஞ்சியிருப்பவை 99. ஒவ்வொன்றும் சுமார் 12,000 தொன் எண்ணெய் கொள்ளக்கூடியது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானியர் திருகோணமலையைத் தாக்கியபோது, அவர்களது விமானமொன்று இவற்றுள் ஒரு குதத்தின் மீது வந்து மோதியது. அந்தத் தீ ஏழு நாட்கள் எரிந்ததாகச் சொல்வார்கள்.

அன்று ஜப்பானியக் கப்பல்களைத் தேடிச் சென்றவற்றுள் 'கட்டலினா' என்ற பறக்கும் படகும் ஒன்று. கப்பல்களைக் கண்டு செய்தி அனுப்பிக்கொண்டிருந்த வேளையில் அது சுட்டு வீழ்த்தப்பட்டது. அதே ஆண்டு ஓகஸ்டில் நெதர்லாந்துக்காரரின் 321ஆம் அணி கட்டலினாக்களுடன் சீனக்குடாவிலேயே அமைக்கப்பட்டது. நமது மூத்தவர்கள் கண்ட 'தண்ணீரில் இறங்கும் பிளேன்' இதுதான்.

பறக்கும் படகு என்றால் என்ன? சாதாரண விமானத்துக்குக் கீழே இரண்டு மிதவைகளைப் பூட்டினால் அது மிதவை விமானம். பறக்கும் படகு அப்படியல்ல. அதன் வயிறே தோணியின் அடிப்பாகம் போல அமைந்திருக்கும். அந்த வயிற்றோடுதான் அது தண்ணீரில் அமரும்.

யுத்தம் முடிந்தபின் இந்தப் படகுகளுக்கு வேலை இல்லாமற் போயிற்று. காட்டுத்தீயால் அவதிப்பட்ட கனடாக்காரர் அவற்றுக்கு வேறொரு வேலை கொடுத்தார்கள். கட்டலினாக்கள் நீர் வீசும் விமானங்களாயின. அமெரிக்கக் கடற்படைக்காகக் கட்டப்பட்ட 'மார்ட்டின் மார்ஸ்' என்ற இராட்சதப் படகுகளும் அவ்வாறே மாற்றப்பட்டன. ஒரு மார்ஸ் 27,000 லீற்றருக்கு மேல் சுமக்கும். எஞ்சியிருந்த இரண்டில் ஒன்று 2024இலும் மற்றது 2025இலும் நூதனசாலைகளைச் சென்றடைந்தன.

பின்னர் தீயணைப்புக்கென்றே உருவாக்கப்பட்டவை கனடேயர் விமானங்கள். சீ.எல். 415 என்ற வகை ஏரியிலோ கடலிலோ நிற்பதில்லை. நீர்மட்டத்தைத் தொட்டபடி ஓடும். வயிற்றின் கீழிருந்து இரண்டு சிறு குழாய்வாய்கள் நீளும். 410 மீற்றர் ஓட்டத்தில், 12 செக்கன்களில், 6,137 லீற்றர் உள்ளே ஏறிவிடும். பெரிய தண்ணீர் பவுசர் ஒன்றை நிரப்ப நமக்கு எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்! மொரோக்கோவின் விமானப்படையிடமும் இவை உண்டு. ஆபத்தில்லாத வேலையும் அல்ல. 2021 ஓகஸ்டில் துருக்கியில் தீயணைக்கச் சென்ற ரஷ்யப் பறக்கும் படகு மலையில் மோதி, அதிலிருந்த எண்மரும் உயிரிழந்தனர்.

அப்படியானால் 1942இல் இப்படியொன்று இருந்திருந்தால் அந்தக் குதத்தின் தீ அணைந்திருக்குமா? இல்லை. காரணம் உங்கள் அடுப்படியிலேயே இருக்கிறது. பொரிக்கும் எண்ணெய் தாச்சியில் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றக்கூடாது என்பது தெரியுமல்லவா? தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் போய், நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயை நாலாபக்கமும் எற்றிவிடும். (அடுப்பை நிறுத்தி, மூடியால் மூடிவிடுங்கள். தாச்சியைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டாம்.) எண்ணெய்க் குதத்திலும் இதுவே பெரிய அளவில் நடக்கும். அதற்கு வேண்டியது மேலே போர்வைபோல் படரும் நுரை. பக்கத்துக் குதங்களைக் குளிரவைக்கத்தான் தண்ணீர்.

ஆனால் குதங்களைச் சுற்றி வளர்ந்திருக்கும் காடு வேறு கதை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் புல்லும் பற்றையும் காய்ந்து கிடக்கும். காட்டுத்தீ குதத்தை எட்டுமுன் மறிப்பதற்குப் பறக்கும் படகைப்போல உதவுவது குறைவு. நமது துறைமுகமோ அதற்கென்றே படைத்தது போன்றது: ஆழமான நீர், சுற்றிலும் மலையரண். கச்சான் காலத்தில்தான் கிழக்குக் கடலும் அடங்கியிருக்கும். வாடையில் கடல் கொந்தளிக்கும்போது மழையே தீயைப் பார்த்துக்கொள்ளும். தோணிக்காரர்கள் மட்டும் சற்று ஒதுங்கி வழிவிடவேண்டியிருக்கும்.

இலங்கையிடம் இத்தகைய விமானம் இல்லை. ஹெலிகொப்டரில் தொங்கும் வாளிதான் நமது ஆயுதம். 2020 செப்டெம்பரில் அம்பாறைக் கரைக்கு அப்பால், சுமார் 270,000 தொன் மசகெண்ணெயுடன் வந்த 'நியூ டயமண்ட்' கப்பலின் இயந்திர அறையில் தீப்பற்றியபோது, விமானப்படை ஹெலிகொப்டர் மேலிருந்து நீர் கொட்டியது. ஆயினும் இலங்கை, இந்தியக் கப்பல்களும் இழுவைப் படகுகளும் நாட்கணக்கில் நீரும் நுரையும் பீய்ச்சித்தான் தீ அடங்கியது. எண்ணெய்த் தாங்கிகளுக்குத் தீ பரவவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

2022 ஜனவரியில் கைச்சாத்தான உடன்படிக்கைகளின்படி 14 குதங்கள் இந்திய எண்ணெய்க் கம்பனியின் இலங்கைக் கிளைக்கும், 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 இரண்டும் சேர்ந்த கம்பனிக்கும் ஒதுக்கப்பட்டன. காட்டுக்குள் வெறுமையாகக் கிடந்த குதங்களில் மறுபடியும் எண்ணெய் நிரப்புவதே நோக்கம். விமானம் வாங்க நமக்கு வசதியில்லை என்பது இருக்கட்டும். குதத்துக்கும் காட்டுக்கும் இடையில் எத்தனை யார் நிலம் வெட்டவெளியாக விடப்படும், நுரை எங்கே சேமித்து வைக்கப்படும் என்பவை அக்கரையில் குடியிருக்கும் நாம் இப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடியவை.