டார்ச் வெளிச்சம் தேடும் இடம்

மயங்கிக் கிடப்பவரின் இமையை விலக்கி மருத்துவர் டார்ச் அடிக்கிறார். ஒரு கண்ணில் வெளிச்சம் பட்டாலே இரண்டு கண்பாவைகளும் சேர்ந்து சுருங்க வேண்டும். சுருங்கச் சொல்லும் உத்தரவு நடுமூளையிலிருந்து வருகிறது. கண் வழியாக அவர் தட்டிப் பார்ப்பது மூளைத்தண்டின் கதவை.

மேலே நடுமூளை, நடுவில் பான்ஸ், அடியில் முகுளம். மூன்றும் சேர்ந்தே ஒரு கட்டைவிரல் அளவுதான். பெருமூளையிலிருந்து கைகால்களுக்கு இறங்கும் கட்டளைகளும், உடலிலிருந்து ஏறும் உணர்வுகளும் இதைக் கடந்தே போயாக வேண்டும். 12 ஜோடி கபால நரம்புகளில் 10 ஜோடி இங்கிருந்து கிளம்பி, கண்ணை உருட்டுவது, மெல்லுவது, விழுங்குவது என்று முகத்தையும் தொண்டையையும் கவனித்துக்கொள்கின்றன. மூச்சின் தாளம் முகுளத்தின் பொறுப்பு.

இத்தனை பாதைகள் நெருக்கியடித்து ஓடுவதால், சிறு சேதமும் விசித்திரமான அடையாளத்தை விட்டுச்செல்லும். உடலின் வலியையும் சூட்டையும் சுமக்கும் இழைகள் தண்டுவடத்திலேயே பக்கம் மாறிவிடுகின்றன. முகத்தின் இழைகளோ முகுளம்வரை தம் பக்கத்திலேயே இறங்கி வருகின்றன. அதனால் முகுளத்தின் வலது ஓரத்தில் ரத்த ஓட்டம் நின்றால், சூடான டீ டம்ளரை வலக்கன்னத்தில் வைத்தாலும் சூடு தெரியாது, இடக்கையில் வைத்தாலும் தெரியாது. ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் வாலன்பெர்க் 1895-இல் விவரித்த நோய்க்குறி இது.

பான்ஸில் இன்னொரு ஏற்பாடு. அசைவுக் கட்டளைகள் முன்புறமாக இறங்குகின்றன. உணர்வுப் பாதைகளும் விழிப்பைக் காக்கும் நரம்பு வலையும் பின்புறம் உள்ளன. முன்புறம் மட்டும் அழிந்தால் மனிதர் விழித்திருப்பார், கேட்பார், தொட்டால் உணர்வார். விரலைக்கூட அசைக்க முடியாது, பேசவும் முடியாது.

பிரெஞ்சுப் பத்திரிகையாசிரியர் ழான்-டொமினிக் போபிக்கு 1995 டிசம்பரில் மூளைத்தண்டில் பக்கவாதம் தாக்கி, அந்த நிலைதான் வந்தது. மிஞ்சியது இடது கண்ணிமையின் அசைவு. மேலிமையை உயர்த்தும் நரம்பு, பான்ஸுக்கு மேலே நடுமூளையில் பிறக்கிறது. உதவியாளர் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வர, வேண்டிய எழுத்து வந்ததும் அவர் இமைத்தார். எழுத்து எழுத்தாகச் சேர்ந்த அவருடைய புத்தகம் 1997-இல் வெளிவந்தது. பாதை அறுந்த இடத்துக்குச் சற்று மேலே பிழைத்திருந்த நரம்பு, அதற்குப் போதுமாக இருந்தது.