கழுத்தில் தேடினால் நெஞ்சில் இருக்கும்!

“வாரத்துக்கு மூணு தடவை டயாலிசிஸ் தவறாம போறேனுங்க. ஆனாலும் எலும்பெல்லாம் குடையுது, ராத்திரி பூரா உடம்பு அரிக்குது. ஏனுங்க டாக்டர்?”

உங்கள் வீட்டுக் கிட்னி நோயாளி இப்படிக் கேட்டால், ‘வயசாச்சு, வலிக்கத்தானே செய்யும்’ என்று தள்ளிவிடாதீர்கள். ரத்தத்தில் கால்சியம், பாஸ்பரஸ், பாராதைராய்டு ஹார்மோன் மூன்றையும் டாக்டரிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

பாராதைராய்டு என்பது தைராய்டின் முதுகில் ஒட்டியிருக்கும் அரிசி மணி அளவுச் சுரப்பி. பெரும்பாலோருக்கு நாலு இருக்கும். (1850 வாக்கில் லண்டனில் ரிச்சர்ட் ஓவன் இதைப் பார்த்தது எங்கே தெரியுமா? இறந்துபோன நம் இந்தியக் காண்டாமிருகத்தின் கழுத்தில்!) ரத்தத்தில் கால்சியம் குறையாமல் காப்பதுதான் இதன் டியூட்டி.

கிட்னி பழுதானால் பாஸ்பரஸ் வெளியேறாமல் தேங்கும். வைட்டமின் டி-யைப் பயன்படும் வடிவத்துக்கு மாற்றும் வேலையும் நின்றுபோகும். கால்சியம் குறையக் குறைய, இந்தச் சுரப்பிகள் ஓவர்டைம் பார்த்தே வீங்கிவிடும். எலும்பிலிருக்கும் கால்சியத்தை உருவி ரத்தத்தில் கொட்டும். பாஸ்பரஸைப் பிடிக்கும் மாத்திரை (சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால்தான் பலன்), வைட்டமின் டி, சினகால்செட் என்று மருந்துகள் உண்டு. இவற்றுக்கெல்லாம் அடங்காதவர்களுக்குத்தான் ஆபரேஷன்.

சிக்கலே இங்கேதான். கருவில் கீழ்ச் சுரப்பிகள் இரண்டும் தைமஸ் என்ற உறுப்போடு சேர்ந்து இறங்குகின்றன. காந்திபுரத்தில் இறங்கவேண்டியவர் தூங்கிப்போய் உக்கடம் போய்ச் சேர்வது போல, சிலருக்கு அது நெஞ்சுக்கூட்டுக்குள்ளேயே போய்விடும். உணவுக்குழாய்க்குப் பின்னால் ஒளியலாம், தைராய்டுக்குள்ளேயே புதைந்தும் இருக்கலாம். ஐந்தாவதாக ஒன்று கூடுதலாக இருப்பவர்களும் உண்டு. சார்ல்ஸ் மார்ட்டெல் என்ற அமெரிக்கக் கப்பல் கேப்டனுக்கு வந்தது கிட்னி கெட்டதால் வந்த வீக்கமல்ல, சுரப்பியிலேயே வந்த கட்டி. 6 ஆபரேஷன்களில் அது சிக்கவில்லை. 1932-ல் 7-வது முறைதான் நெஞ்சுக்குள் அகப்பட்டது. அதற்குள் மனிதர் 7 அங்குலம் குள்ளமாகியிருந்தார்!

இன்று கத்தி வைக்கும் முன்பே தேடலாம். அல்ட்ராசவுண்டு கழுத்தைக் காட்டும். நெஞ்செலும்புக்குப் பின்னால் அதற்குக் கண் தெரியாது. அங்கேதான் செஸ்டமிபி ஸ்கேன் கைகொடுக்கும். ஊசி போட்டவுடன் ஒரு படம், இரண்டு மணி நேரம் போல கழித்து இன்னொன்று. தைராய்டில் மருந்து வடிந்துவிடும், வீங்கிய பாராதைராய்டில் தங்கிவிடும். இதோடு சி.டி.யும் சேர்ந்தால் எவ்வளவு ஆழத்தில் என்பதும் புரியும். கோவையில் அணு மருத்துவப் பிரிவு உள்ள பெரிய ஆஸ்பத்திரிகளில் விசாரியுங்கள்.

‘ஸ்கேன்ல ரெண்டுதானே தெரிஞ்சுது, எதுக்கு நாலையும் தேடறீங்க?’ என்று சர்ஜனிடம் சண்டைக்குப் போகாதீர்கள். கிட்னி நோயாளிகளுக்கு எல்லாச் சுரப்பியும் கெட்டிருக்கும், ஆனால் ஒரே அளவில் வீங்காது. சின்னது படத்தில் விழாமல் போகலாம். அதனால் நாலையும் பார்த்து, கழுத்து வழியாக எட்டும் தைமஸையும் எடுப்பார்கள். ஒரு துணுக்கை மட்டும் கழுத்திலேயே விடுவதும், முன்கையில் பதித்துவைப்பதும் உண்டு.

ஆபரேஷன் முடிந்ததும் பட்டினி கிடந்த எலும்பு கால்சியத்தை வேகமாக இழுத்துக்கொள்ளும். உதடும் விரல் நுனியும் மதமதத்தால், கை இழுத்துப் பிடித்தால், உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்த பிறகென்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.