பிறந்த குழந்தையின் கால் கட்டைவிரல்

இரண்டு கால்களிலும் கட்டைவிரல் குட்டையாக, மற்ற விரல்களின் பக்கம் சாய்ந்தபடி சில குழந்தைகள் பிறக்கின்றன. வலி கிடையாது; குழந்தை நடக்கவும் செய்யும். பல சமயம் அது வெறும் வளைவுதான். ஆனால் பத்து லட்சம் பேரில் ஒருவருக்கு வருவதே அரிதான ஒரு நோய்க்கு முதல் அடையாளமும் அதுதான். ஃபைப்ரோடிஸ்பிளேசியா ஆசிஃபிகன்ஸ் புரோகிரசிவா என்பது அதன் பெயர், சுருக்கமாக எஃப்.ஓ.பி.

இந்நோயில் தசையும் தசைநாரும் எலும்பாக மாறுகின்றன. பெரும்பாலும் பத்து வயதுக்குள் கழுத்திலோ முதுகிலோ வீக்கம் வரும். அது வடிந்த இடத்தில் எலும்பு இருக்கும். தோள், இடுப்பு, தாடை என்று ஒவ்வொன்றாக அசைவு நின்றுபோகும். நாக்கும் இதயத்தசையும் தப்பிவிடும். இந்நோயோடு வாழ்ந்து 1973-இல் இறந்த ஹாரி ஈஸ்ட்லாக் ஆராய்ச்சிக்கென்று தன் உடலையே கொடுத்துச் சென்றார். அவருடைய எலும்புக்கூடு பிலடெல்பியாவின் மியூட்டர் அருங்காட்சியகத்தில், கோக்கக் கம்பி அதிகம் தேவைப்படாமலே நிற்கிறது.

காரணம் 2006-இல் தெரிந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஐலீன் ஷோர், ஃபிரெடெரிக் கப்லான் குழுவினர் ஏசிவிஆர்1 மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதைக் கண்டார்கள். எலும்பை வளரச் சொல்லும் சமிக்ஞையை வாங்குகிற புரதம், இந்த மாற்றத்தால் வேண்டாத நேரத்திலும் வேலை செய்கிறது. கருவிலேயே கட்டைவிரல் எலும்புகள் கோணலாக உருவாவதும் இதனால்தான். நோயுள்ளவரின் பிள்ளைக்கு அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. ஆனாலும் பெரும்பாலான குடும்பங்களில் இது புதிதாகவே தோன்றுகிறது. தாய் மீதோ சொந்தத்தில் செய்த கல்யாணத்தின் மீதோ பழி போட இடமே இல்லை.

நோயைவிட நெஞ்சை வருத்துவது அதைத் தவறாகக் கையாள்வது. வீக்கத்தைப் புற்றுநோய்க் கட்டி என்று நினைத்துச் சதையை வெட்டிச் சோதிக்கிறார்கள். வெட்டிய இடத்தில் புது எலும்பு முளைக்கிறது. அதை அறுத்தெடுத்தாலும் திரும்ப வளரும். முதலில் காலைப் பார்த்திருந்தால் கத்தியே வேண்டாம், ரத்தத்தில் மரபணுச் சோதனை போதும்.

அந்தக் காலைக் காட்டவே மேகமலைத் தோட்டத் தொழிலாளி ஒருவர் சின்னமனூருக்கு இறங்கி, தேனி தாண்டி க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பிள்ளையைத் தூக்கிப்போக ஒரு நாள் கூலியை விட வேண்டும். ஆனால் 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில் மருத்துவக் குழுவே அங்கன்வாடிக்கு வருகிறது. வளைபாதம் இருக்கிறதா என்று காலைப் பார்க்கிறது. அதே பார்வையில் கட்டைவிரலும் படட்டும்.

நோய் உறுதியானால் விழாமல் காக்க வேண்டும், தசையில் ஊசி போடுவதைத் தவிர்க்க வேண்டும். அதற்காகத் தடுப்பூசியை நிறுத்திவிடக் கூடாது. எதை, எப்போது, எப்படிப் போடுவது என்பதை மருத்துவர் முடிவு செய்வார். 2023-இல் அமெரிக்கா அனுமதித்த பாலோவரோட்டீன் மருந்து புது எலும்பு உருவாவதைக் குறைக்கிறது. ஆனால் வளரும் பிள்ளைகளின் எலும்பு வளர்ச்சியை முன்கூட்டியே நிறுத்திவிடக் கூடும் என்பதால், எட்டு வயதுக்குக் குறைந்த சிறுமிகளுக்கும் பத்து வயதுக்குக் குறைந்த சிறுவர்களுக்கும் அங்கே அதற்கு அனுமதி இல்லை.