மருந்து வீட்டில், மருத்துவர் நகரில்

நெல் இலையில் கண் வடிவப் புள்ளி தெரிந்தால் விவசாயி சும்மா இருப்பதில்லை. இலையைக் கிள்ளி எடுத்துக்கொண்டு உதவி வேளாண்மை அலுவலரிடம் காட்டுகிறார். குலைநோய் என்று அறிந்து உடனே ஆவன செய்கிறார். அதே விவசாயி கடன் கவலையிலோ, விளைச்சல் பொய்த்த துயரிலோ வாரக்கணக்கில் தூக்கமின்றித் தவித்தால், “நேரம் சரியில்லை” என்று வீட்டார் இருந்துவிடுகின்றனர். கொண்டுபோய்க் காட்ட அருகில் மருத்துவர் இல்லாததும் இதற்கு ஒரு காரணம்.

பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வு நடத்தியது. பெரியவர்களில் 100க்குச் சுமார் 10 பேருக்கு மனநலக் கோளாறு இருப்பது அதில் தெரியவந்தது. கோளாறின் வகைக்கேற்ப, பாதிக்கப்பட்டோரில் 100க்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சை பெறவில்லை.

சட்டமும் நடப்பும்

தேசிய மனநலத் திட்டம் 1982இல் வந்தது. மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் தொடங்கியது. அரசு மருத்துவமனைகளில் மனநல சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. ஆனால் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் மனநல மருத்துவர் இருப்பதில்லை. மாவட்டத் தலைநகருக்குப் போய்வர ஒருநாள் வேலை கெடுகிறது. பஸ் செலவும் ஆகிறது. நடவும் அறுவடையும் வந்தால் பயணம் நின்றுபோகிறது.

மனச்சோர்வுக்கான மாத்திரை பலன் தர 2 முதல் 4 வாரம் ஆகும். விதைத்த மறுநாளே முளை தெரியாதது போலத்தான் இதுவும். பலன் தெரியுமுன்பே பலர் நிறுத்திவிடுகின்றனர். குணம் தெரிந்த பிறகும் மருத்துவர் சொல்லும்வரை மாத்திரையைத் தொடர வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

தூக்கமின்மை, பசியின்மை, வயலுக்குப் போக மனமில்லாமை, “நான் இருந்து என்ன பயன்” என்ற பேச்சு ஆகியவை 2 வாரத்திற்கு மேல் நீடித்தால் தாமதிக்கக் கூடாது. உயிரை விடும் எண்ணம் உண்டா என்று அன்போடு நேரடியாகக் கேட்பது தவறல்ல. கேட்பதால் அந்த எண்ணம் வளர்ந்துவிடாது, மனபாரமே குறையும்.

2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம்.

பூச்சிமருந்து எங்கே இருக்கிறது?

மனம் உடையும் வேளை பெரும்பாலும் சிறிது நேரமே. அந்த நேரத்தில் பூச்சிமருந்து கைக்கு எட்டாமல் இருந்தாலே பல உயிர்கள் பிழைக்கும். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதிக் கிராமங்களில், பூட்டுள்ள பெட்டிகள் கொண்ட பொது வைப்பறை அமைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2013இல் வெளியான அச்சிறிய ஆய்வு நம்பிக்கை தரும் பலனைக் காட்டியது. ஆனால் வீட்டிலேயே பூட்டுப்பெட்டி கொடுத்து இலங்கையில் 180 கிராமங்களில் நடத்திய பெரிய ஆய்வில் பலன் தெரியவில்லை என்று 2017இல் முடிவு வெளியானது.

ஆகவே வீட்டுக்குள் பூட்டி வைப்பதை மட்டும் நம்பியிருத்தல் போதாது. தெளிக்கும் அன்று தேவையான அளவே வாங்கி, மீதமின்றிப் பயன்படுத்துவது நலம். வீட்டில் ஒருவர் மனம் சோர்ந்திருந்தால் பூச்சிமருந்தை உடனே வேறிடத்திற்கு அப்புறப்படுத்த வேண்டும்.

அசம்பாவிதம் நேர்ந்துவிட்டால் 108 ஆம்புலன்சை அழைத்து, தாமதமின்றி மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். தண்டனைக்கு அஞ்சி மறைக்கத் தேவையில்லை. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மனஅழுத்தத்தில் இருந்தவராகவே கருதி, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிக்க வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டுச் சட்டம்.

மனநல மருத்துவர் வட்ட மருத்துவமனைக்கு வரும் நாளைக் கூட்டுறவு சங்கத்திலும் ரேஷன் கடையிலும் எழுதி வைக்கலாம். தொடர் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தவறாமல் வழங்கினால் பாதிப் பயணம் மிச்சமாகும். கிராம சபைக் கூட்டங்களில் விவசாயிகள் இவற்றைக் கேட்டுப் பெற வேண்டும்.