பல் பிடுங்கிய பின்பு



பல்லைப் பிடுங்கிக்கொண்டு வீடு திரும்பியவர் முதலிற் செய்வது என்ன? ஒரு செம்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய், கன்னம் அதிரக் கொப்பளித்துத் துப்புவார். வாயிலே இரத்தச் சுவை இருக்கும்வரை அவருக்கு நிம்மதியில்லை. நானும் ஒரு முறை அவ்வாறே செய்தேன். வைத்தியர் வேண்டாமென்று சொல்லியும் செய்தேன். அதன் பலனை நாலாம் நாள் இரவு முழுவதும் அனுபவித்தேன். அதனைப் பின்னர் கூறுகிறேன்.

பல்லைப் பிடுங்குதல் என்று நாம் வழங்குஞ் சொல்லே சற்றுப் பிழையானது. கிழங்கு பிடுங்குவது போல வைத்தியர் பல்லை இழுத்தெடுப்பதில்லை. வேருக்கும் அது பதிந்திருக்கும் எலும்புக் குழிக்கும் இடையே நார்கள் நிறைந்த மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. பல்லைக் குழியிற் பிணித்து வைத்திருப்பவை அந்நார்களே. வைத்தியர் பல்லை உட்புறமும் வெளிப்புறமுமாக மெல்ல அசைத்து, குழியைச் சிறிது சிறிதாக விரித்து, நார்கள் அறும்படி செய்கிறார். அது முடிந்தால் பல் எளிதிற் கழன்றுவிடும். விறைப்பு ஊசி ஏற்றிய பின் நோயாளி உணர்வது பெரும்பாலும் அழுத்தமேயன்றி நோவன்று.

நோவைப் போக்கும் மருந்துகளின் வரலாற்றிலே பல் வைத்தியர்க்குத் தனியிடம் உண்டு. 1844ஆம் ஆண்டில் அமெரிக்கப் பல் வைத்தியர் ஹொரஸ் வெல்ஸ், சிரிப்பூட்டும் வாயுவை முகர்ந்தபடி தமது பல்லையே பிடுங்குவித்துச் சோதித்துப் பார்த்தார். இன்று பல் வைத்தியர்கள் பரவலாகப் பயன்படுத்தும் லிக்னோகெயின் என்னும் மருந்து 1943இல் சுவீடனிலே உருவாக்கப்பட்டது.

இவ்வளவு வசதியிருந்தும் சூத்தைப் பல்லோடு மாதக் கணக்கிற் காலங்கழிப்போர் நம்மிடையே பலர். மேற்பல்லைப் பிடுங்கினாற் கண்பார்வை குன்றும் என்ற பயம் அதற்கு ஒரு காரணம். பல்லுக்குச் செல்லும் நரம்பு வேறு. பார்வைக்குரிய நரம்பு வேறு. இரண்டும் மூளையிலிருந்து தனித்தனியே வருபவை. ஆதலால் அப்பயத்துக்கு ஆதாரமில்லை. பிடுங்காமல் விட்ட பல்லிலிருந்து சீழ் தாடையின் கீழே பரவுவதோ உண்மையான ஆபத்து. கழுத்து வீங்கி, விழுங்கவோ மூச்சுவிடவோ முடியாத நிலை தோன்றினால், நள்ளிரவானாலும் ஆசுபத்திரிக்கு ஓடவேண்டும்.

இனி, பல் நீங்கிய குழிக்கு வருவோம். அக்குழி இரத்தத்தால் நிரம்புகின்றது. அவ்விரத்தம் உறைந்து ஒரு கட்டியாகின்றது. நாம் அழுக்கென்று கருதித் துப்ப விரும்பும் இக்கட்டியே காயத்துக்கு இயற்கை போட்ட மூடி. கீழேயிருக்கும் எலும்பையும் நரம்பு நுனிகளையும் மறைத்துக் காப்பது அதுதான். புதிய இரத்தக் குழாய்களும் தசையும் அதனுள்ளே படர்ந்துதான் குழி ஆறுகின்றது. வைத்தியர் தரும் பஞ்சுத் துணியை அரை மணி நேரம் இறுகக் கடித்திருக்கச் சொல்வது இக்கட்டி உறைவதற்காகவே. இரத்தம் நின்றதா என்று ஐந்து நிமிடத்துக்கொரு முறை துணியை எடுத்துப் பார்ப்பவர்க்கு இரத்தம் நிற்பது தாமதமாகும்.

நான் செய்த பிழையும் இதுவேதான். அன்று மாலையே கொப்பளித்தேன். இரவில் ஒரு சுருட்டும் புகைத்தேன். கொப்பளித்தலும், துப்புதலும், புகையை உறிஞ்சுதலும் கட்டியைப் பெயர்த்துவிடும். புகையோ காயம் ஆறுவதையும் தடுக்கும். இரண்டு நாள் நோவு குறைந்து வந்தது. பின்பு, குறைந்த நோவு திரும்பிக் காது வரை ஏறியது. வாயிலே துர்நாற்றம் வீசியது. குழி வெறுமையாய், எலும்பு தெரிய இருந்தது. வறண்ட குழி என்று வைத்தியர் கூறுவது இதனைத்தான். கீழ்த்தாடைக் கடைவாய்ப் பற்களைப் பிடுங்கியவர்க்கு இது கூடுதலாக வரும். வைத்தியர் குழியைக் கழுவி, கராம்பெண்ணெய் கலந்த மருந்தை வைத்தார். ஒரு மணி நேரத்தில் நோவு தணிந்தது. இதைக் கேட்டுவிட்டு வீட்டிலிருக்கும் கராம்பெண்ணெயைக் காயத்தில் ஊற்றவேண்டாம். அது முரசைப் புண்ணாக்கும்.

ஆகவே முதல் இருபத்து நான்கு மணி நேரம் வாயைச் சும்மா விடவேண்டும். எச்சிலிலே சிறிது செந்நிறம் அன்று முழுவதும் இருக்கலாம். அதனை விழுங்குவதாற் கேடில்லை. இரத்தம் வடிந்துகொண்டேயிருந்தால், சுத்தமான துணியை மடித்து மீண்டும் அரை மணி நேரம் கடிக்கலாம். நனைத்த தேயிலைப் பையைக் கடிப்பதும் உதவும். தேயிலையின் துவர்ப்பு இரத்தத்தைக் கட்டுப்படுத்த வல்லது. அதற்கும் நில்லாவிடின் வைத்தியரிடமே திரும்பவேண்டும். கஞ்சியையும் சோற்றையும் நன்றாக ஆறவிட்டு, மறுபக்கத்தாற் சாப்பிடலாம். விறைப்பு நீங்கச் சில மணி நேரமாகும். அதற்குள் உணவு கொடுத்தாற் சிறுவர்கள் தம் உதட்டையே கடித்துக்கொள்வர்.

மறுநாளிலிருந்து உப்புத் தண்ணீர் நல்லது. ஒரு குவளை இளஞ்சூட்டு நீரில் அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டு, வாயில் வைத்திருந்து, தானாக வழியவிடுக. நோவுக்கு அஸ்பிரின் வேண்டாம். அது இரத்தம் உறைவதைத் தடுக்கும். ஆனால் இருதய நோய்க்காக அதனை நாள்தோறும் உண்பவர் தாமாகவே நிறுத்தலாகாது. பல் பிடுங்குவதற்கு முன்பே வைத்தியரிடம் அதனைச் சொல்லிவிடவேண்டும்.

மூன்றாம் நாள் வரை கன்னம் வீங்குவதும், வாய் திறக்கக் கடினமாயிருப்பதும் வழக்கம். அதன் பின்னும் வீக்கம் கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ பேசாமலிருக்கக் கூடாது.

வெற்றிலை போடுவோர்க்குத் தனியாக ஒரு சொல். பாக்குத் துகள் குழியில் அடைந்து காயத்தை ஆறவிடாது என்பது மட்டுமன்று. புகையிலை சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004இல் வெளியிட்ட நூலில் முடிவு கூறியுள்ளது. நம் நாட்டு ஆண்களிடம் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோயும் ஒன்று. ஆடும் பல்லைப் பிடுங்கிய இடத்திலே அது மறைந்திருப்பதுண்டு. சாதாரணமாக, மூன்று நான்கு கிழமையில் முரசு மூடிக்கொள்ளும். உள்ளே எலும்பு நிரம்பச் சில மாதங்களாகும். மூன்று கிழமை கழிந்தும் குழி ஆறாமல், தசை வளர்ந்தோ ஓரம் தடித்தோ இருந்தால், உப்புத் தண்ணீரை நம்பி இருத்தலாகாது. அத்தசையில் ஒரு சிறு துண்டை எடுத்துப் பரிசோதித்தாற் காரணம் தெரிந்துவிடும்.