சம்பளக் கவர் – 11: உட்கார ஒரு சட்டம்

சென்னை மாகாணத்தில் கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947-ல் வந்தது. எட்டு மணி நேர வேலை, நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் ஒரு மணி நேர ஓய்வு, வாரத்தில் ஒருநாள் விடுமுறை எல்லாம் அதில் உண்டு. உட்கார இடம் தரவேண்டும் என்பது மட்டும் இல்லை. அடுத்த ஆண்டே வந்த தொழிற்சாலைச் சட்டத்தில், நின்றுகொண்டு வேலை பார்ப்பவர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று 44-வது பிரிவு சொன்னது. மில்லில் நிற்பவருக்குக் கிடைத்த இருக்கை கடையில் நிற்பவருக்குக் கிடைக்க 2021 வரை ஆனது.

ஏன் விட்டுப்போனது? என் ஊகம் இது. அன்றைய ஜவுளிக்கடையில் யாரும் நிற்கவில்லை. வெள்ளை வேட்டி விரித்த மெத்தை, சாய்ந்துகொள்ளத் திண்டு. வாங்க வந்தவரும் உட்கார்ந்தார், விற்றவரும் உட்கார்ந்துதான் சேலையை விரித்துக் காட்டினார். விற்றவர் பெரும்பாலும் ஆண். பிறகு கடைகள் மாடி மேல் மாடியாக வளர்ந்தன, மெத்தை போய் கவுன்ட்டர் வந்தது, கவுன்ட்டருக்குப் பின்னால் பெண்கள் வந்தார்கள். பட்டுப் பிரிவில் இன்றைக்கும் ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். அது நமக்கு. அந்தப் பக்கம் நிற்கிற பெண்ணுக்கு இல்லை.

அந்தப் பெண்கள் யார்? பிளஸ் டூ முடித்த பிள்ளை கல்லூரிக்குப் போவதா, கடைக்குப் போவதா என்று வீட்டில் போடும் கணக்கைப் போன வாரம் பார்த்தோம். 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாய் அந்தக் கணக்கில் கல்லூரிப் பக்கம் விழுகிறது. அப்படியும் கடைப் பக்கம் சாய்ந்த வீடுகளின் பிள்ளைகள்தான் தூத்துக்குடி, தென்காசி, திருநெல்வேலிப் பக்கமிருந்து சென்னை ரங்கநாதன் தெருவுக்கு வருகிறார்கள். 2010-ல் வசந்தபாலன் எடுத்த ‘அங்காடித் தெரு’வைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பிள்ளைகளைப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

அவர்கள் நிற்கும் விதத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். மதியத்துக்கு மேல் ஒரு காலைச் செருப்பிலிருந்து உருவி, மற்ற காலின் மேல் வைத்துக்கொள்வார்கள். சிறிது நேரம் கழித்துக் கால் மாறும். இடுப்பு மட்டும் அலமாரி விளிம்பில் பட்டும் படாமலும் இருக்கும். நன்றாகச் சாய்ந்தால் கேமராவில் தெரிந்துவிடும். கெண்டைக்கால் தசை அசைந்தால்தான் காலுக்கு இறங்கிய ரத்தம் மேலே ஏறும். அசையாமல் நின்றால் கீழேயே தேங்கும். கணுக்கால் வீங்குவதும், சில வருஷத்தில் நரம்பு சுருட்டிக்கொள்வதும் அதனால்தான்.

ஆண்களும்தானே நிற்கிறார்கள் என்று கேட்கலாம். நிற்கிறார்கள், அவர்களுக்கும் கால் வலிக்கும். ஆனால் சட்டைத்துணிப் பிரிவில் இருக்கும் பையன் பத்து நிமிஷம் கிடைத்தால் கீழே இறங்கி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வருவான். அதே பத்து நிமிஷத்தில் ஒரு பெண் எங்கே போய் உட்காருவாள்? மாதவிலக்கு நாளிலும் அதே நிற்பு. கடையில் கட்டாயம் நாற்காலி உள்ள ஒரே இடம் கல்லா. அங்கே உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் ஆண். எல்லோருக்கும் பொதுவான விதி என்று சொல்லப்படுவது ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறு வேறாக இறங்குவது இப்படித்தான்.

இதைச் சட்டப் பிரச்சினையாக மாற்றியவர்கள் கோழிக்கோட்டுப் பெண்கள். மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்தவர்களுக்குக் கழிப்பறை கிடையாது. அவசரத்துக்குப் பக்கத்து ஹோட்டலுக்குப் போக வேண்டும். அந்தச் சங்கடத்துக்குப் பயந்து நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்து நீர்க்கடுப்பில் அவதிப்பட்டார்கள். தையல் வேலை பார்த்த விஜி என்பவர் 2009 வாக்கில் இவர்களைச் சேர்த்து ‘பெண்கூட்டு’ அமைப்பைத் தொடங்கினார். முதல் கோரிக்கை கழிப்பறை, உட்காரும் உரிமை அதன் பிறகு. பெரிய தொழிற்சங்கங்கள் இருக்கிற ஊர்தான் அது. ஆனாலும் கூலி, போனஸ் என்று பழகிப்போன தலைவர்களுக்குக் கழிப்பறை ஒரு கோரிக்கையாகவே படவில்லை. அதனால் பெண்கள் தங்களுக்கென்று தனிச் சங்கமே வைத்துக்கொண்டார்கள். 2014 முடிவில் திருச்சூர் ஜவுளிக்கடைப் பெண்கள் சிலர் மாதக்கணக்கில் ‘இருப்புச் சமரம்’ நடத்தினார்கள். உட்காரக் கேட்டு உட்கார்ந்தே ஒரு போராட்டம். 2018 அக்டோபரில் கடை ஊழியர்கள் உட்கார வழிசெய்து கேரள அரசு அவசரச் சட்டம் போட்டது. அந்த ஆண்டு பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் விஜியின் பெயர் இருந்தது.

தமிழ்நாட்டில் இதற்காக அவ்வளவு பெரிய போராட்டம் நடக்கவில்லை. 2021 செப்டம்பரில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் சட்டத் திருத்தத்தைக் கொண்டுவந்தார். பழைய சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. ஆண், பெண் எல்லா ஊழியருக்கும் தகுந்த இருக்கை வைக்க வேண்டும். வேலைக்கிடையே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம். நல்ல சட்டம். தயங்காமல் பாராட்டலாம்.

ஆனால் அந்த ‘வாய்ப்பு’ எப்போது வருகிறது? தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து ஒரு கடையின் மூன்றாவது மாடியில் சேலை விற்கிற பெண்ணிடம் கேட்டேன்.

“ஸ்டூல் இருக்குக்கா. அந்தா, அதுமேலதான் டப்பா அடுக்கியிருக்கோம்.”

“கஸ்டமர் இல்லாத நேரம் உட்காரலாம்ல?”

“கஸ்டமர் இல்லன்னா விரிச்ச சேலய மடிக்கணும். மடிச்சு முடிஞ்சா ரேக்க சரிபண்ணச் சொல்லுவாவ. சும்மா இருக்கிற நேரம்னு ஒண்ணு இங்க கிடையாதுக்கா.”

சேலையை உட்கார்ந்து மடிக்க முடியாதா என்ன? நம் பாட்டிகள் எல்லாரும் உட்கார்ந்துதான் மடித்தார்கள். உட்கார்ந்திருக்கும் பெண் சோம்பேறி, நிற்கும் பெண்தான் சுறுசுறுப்பு என்று முதலாளியும் சூப்பர்வைசரும் நினைக்கிறார்கள். சொல்லப்போனால் நாமும் அப்படித்தான் நினைக்கிறோம். நாம் உள்ளே நுழைந்ததும் அவர் எழுந்திருக்காவிட்டால் எத்தனை பேர் முகம் சுளிக்காமல் இருப்போம்?

‘தகுந்த’, ‘வாய்ப்பு’ என்று சட்டம் விட்டுவைக்கும் இந்த ஓட்டையை இங்கிலாந்தில் 1899-லேயே கொஞ்சம் அடைத்தார்கள். கடைப் பெண்களின் இருக்கைக்கென்றே தனிச் சட்டம் போட்டு, மூன்று பெண்களுக்கு ஓர் இருக்கை என்று எண்ணிக்கையை எழுதி வைத்தார்கள். எண்ணிக்கை இருந்தால் ஆய்வுக்கு வருகிறவர் எண்ணிப் பார்க்கலாம். ‘தகுந்த இருக்கை’யை எப்படி எண்ணுவது? 22-ஏ-வுக்கு ஓர் எண் வேண்டும். எந்த வேலையை உட்கார்ந்தே செய்யலாம் என்ற பட்டியலும் வேண்டும். மடிப்பது, விலைச்சீட்டு ஒட்டுவது, கணக்கு எழுதுவது எல்லாம் அதில் முதலில் வரவேண்டும். இதைச் செய்யப் பெரிய செலவில்லை. அரசு விதியில் நாலு வரி சேர்த்தால் போதும்.

அதுவரை நம் கையிலும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த முறை சேலை எடுக்கப் போகும்போது கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பாருங்கள். ஸ்டூல் இல்லையா, இருந்தும் அதில் டப்பா உட்கார்ந்திருக்கிறதா, அதைப் பற்றி அந்தப் பெண்ணிடம் கேட்காதீர்கள். கேட்டால் மாட்டிக்கொள்வது அவர்தான். பணம் கட்டும் இடத்தில், கல்லாவில் உட்கார்ந்திருப்பவரிடம் கேளுங்கள்.

(அடுத்த வாரம்: கடை மூடிய பிறகு இந்தப் பெண்கள் தங்கும் விடுதி)